உங்கள் டிகிரிக்கு ஓகே சொன்னது யார்? ஒரு பட்டப்படிப்பு கடந்துவரும் பாதையும், நடுவில் ஒரு படி விடுபட்டால் நடப்பதும்

கொரோனா ஊரடங்குக் காலம். 2020 ஆகஸ்ட் 26 அன்று வந்த ஓர் அறிவிப்பு, தமிழ்நாட்டுக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களைத் தீபாவளி ஆக்கியது. அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், எழுதாமலேயே பாஸ் என்றது அன்றைய அரசு. இறுதி செமஸ்டருக்கு மட்டும் விதிவிலக்கு. "மச்சி, எல்லா அரியரும் க்ளியர்டா!" என்று குதித்தவர்கள் உண்டு. முதலமைச்சருக்கு நன்றி சொல்லி போஸ்டர் ஒட்டியவர்களும் உண்டு.

கொண்டாட்டம் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. முன்னாள் துணைவேந்தர் ஒருவர் உட்படச் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும், தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇயும் 'தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பது எங்கள் விதிகளுக்குப் பொருந்தாது' என்றன. கடைசியில் 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி மொத்தமாகப் பாஸ் போடுவதை ஏற்க முடியாது, தேர்வை நடத்துங்கள் என்று சொல்லிவிட்டது.

இதற்கிடையில் 2020 ஆகஸ்ட் 28 அன்றே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியிருந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் காட்டி மாநில அரசு தேர்வைத் தள்ளிவைக்கலாம். ஆனால், இறுதியாண்டுத் தேர்வே இல்லாமல் மாணவர்களுக்குத் தேர்ச்சி கொடுக்க முடியாது.

அப்போது பலருக்கும் எழுந்த கேள்வி இது: அரசு சொன்னால் போதாதா? அப்படியானால், ஒரு மாணவர் பாஸ், ஒரு படிப்பு செல்லும், ஒரு பாடத்திட்டம் சரி என்று முடிவு செய்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

படிக்கிற காலத்தில் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வேலைக்குப் போய், சான்றிதழ் சரிபார்ப்பு மேஜைக்கு முன்னால் நிற்கும்போதுதான், "உங்க படிப்பு இதுக்கு இணையானதுன்னு ஜி.ஓ. இருக்கா?" என்ற கேள்வி வருகிறது. அன்றைக்குத் தேடிப் பயனில்லை. எனவே, கொஞ்சம் முன்னாடியே பார்த்துவிடலாம்.

வேந்தர், துணைவேந்தர்... யார் என்ன செய்கிறார்கள்?

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் வேந்தர் ஆளுநர். உயர்கல்வித் துறை அமைச்சர் இணைவேந்தர். அன்றாட நிர்வாகத்தின் தலைவர் துணைவேந்தர். கோப்புகளைக் கையாள்பவர் பதிவாளர். நம் ஹால் டிக்கெட்டிலும் மார்க் ஷீட்டிலும் கையெழுத்துப் போடுபவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்.

இவர்கள் எல்லாம் பதவிகள். ஆனால், ஒரு படிப்பைப் 'பாஸ்' செய்வது தனி ஆட்கள் அல்ல, குழுக்கள். துணைவேந்தரே ஆசைப்பட்டாலும், தன் அறையில் உட்கார்ந்து ஒரு புதுப் பட்டப்படிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. அவசரத்தில் சில முடிவுகளை எடுக்க அவருக்குச் சட்டம் இடம் தரலாம். அதையும் பின்னர் உரிய குழுவின் முன் வைத்தாக வேண்டும்.

ஒரு படிப்பு எப்படிப் பிறக்கிறது?

ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதத் துறை, 'பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ்' தொடங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழுக்களின் பெயர் பல்கலைக்குப் பல்கலை மாறும். ஆனால், பாதை கிட்டத்தட்ட இதுதான்.

முதல் படி: பாடத்திட்டக் குழு. ஆங்கிலத்தில் போர்டு ஆஃப் ஸ்டடீஸ். பேராசிரியர்கள் சுருக்கமாக 'போர்டு' என்பார்கள். துறைப் பேராசிரியர்களோடு வெளிக் கல்வி நிறுவனங்களின் பாட வல்லுநர்களும் உட்காருவார்கள். எந்த செமஸ்டரில் என்ன பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட், எந்தப் புத்தகம், இன்டர்னல் எவ்வளவு, எக்ஸ்டர்னல் எவ்வளவு என எல்லாம் இங்கேதான் பேசப்படும். "மூணாவது செமஸ்டர்லயே மெஷின் லேர்னிங் வெச்சா, புள்ளியியல் அடிப்படை எப்போ நடத்துறது?" என்கிற மாதிரியான கேள்விகளுக்கான இடம் இது. நான்கு சுவருக்குள் நடக்கும் இந்தக் கூட்டம்தான், அடுத்த சில வருடங்களுக்கு ஆயிரக்கணக்கான மாணவர்கள் என்ன படிப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது படி: கல்விக்குழு. அதாவது அகாடமிக் கவுன்சில். எல்லாத் துறைகளின் பிரதிநிதிகளும் இருக்கிற பெரிய அவை. துணைவேந்தர் தலைமை வகிப்பார். ஒரு துறைக்கு நல்லதாகத் தெரிவது, மொத்தப் பல்கலைக்கழகத்தின் விதிகளோடு பொருந்துகிறதா என்று இங்கே பார்ப்பார்கள். சேர்க்கைத் தகுதி என்ன, பிளஸ் டூவில் கணிதம் கட்டாயமா, தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு, இதை முடித்தவர் எந்த முதுகலைப் படிப்புக்குப் போகலாம் போன்றவை இங்கே முடிவாகும். கல்வி சார்ந்த விஷயங்களில் பெரும்பாலும் இதுதான் உச்ச அமைப்பு. வருடத்துக்குச் சில முறைதான் கூடும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால், அந்தப் படிப்பு அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போகலாம்.

பொறியியல் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 'ரெகுலேஷன் 2013', 'ரெகுலேஷன் 2017', 'ரெகுலேஷன் 2021' எல்லாம் இந்தக் குழுக்களின் வழியாக வந்தவைதான். 'நான் ஆர் 2017 பேட்ச், என் அரியர் பேப்பருக்கு ஆர் 2021ல சமமான பேப்பர் எது?' என்று நோட்டீஸ் போர்டில் தேடியிருக்கிறீர்களா? அந்தப் பொருத்தப் பட்டியலுக்குப் பின்னாலும் இதே வழிமுறைதான் இருக்கிறது.

மூன்றாவது படி: ஆட்சிக்குழு. சிண்டிகேட் என்றால் எல்லோருக்கும் தெரியும். இது நிர்வாகமும் பணமும் சார்ந்த அமைப்பு. புதுப் படிப்புக்கு ஆசிரியர் பணியிடம் உண்டா, ஆய்வகத்துக்கு நிதி எங்கிருந்து வரும், கட்டணம் எவ்வளவு என்பதை இது பார்க்கும். அரசுத் துறைச் செயலாளர்களும் இதில் உறுப்பினர்கள். அரசின் குரல் பல்கலைக்கழகத்துக்குள் சட்டப்படி ஒலிக்கிற இடங்களில் முக்கியமானது இது.

நான்காவது படி: பேரவை. செனட் எனப்படும் இந்த அமைப்பு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கிடையாது. 1857இல் தொடங்கி, இப்போது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் உண்டு. அங்கே பல்கலைக்கழகத்தின் சட்டவிதிகளையே திருத்துகிற அளவுக்கான விஷயங்கள் பேரவைக்கும், பிறகு வேந்தரின் ஒப்புதலுக்கும் போகும்.

கீழிருந்து மேலே ஏன் இத்தனை படி? ஒவ்வொரு படியும் வேறு கேள்வியைக் கேட்கிறது. பாடத்தில் சரக்கு இருக்கிறதா என்று போர்டு கேட்கும். விதிப்படி சரியா என்று கல்விக்குழு கேட்கும். நடத்தப் பணமும் ஆளும் இருக்கிறதா என்று ஆட்சிக்குழு கேட்கும். நடைமுறையில் பல கூட்டங்கள் டீ, பிஸ்கட்டோடு அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன, "சரி, அப்ரூவ்டு" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள் என்ற விமர்சனம் கல்வியாளர்களிடமே உண்டு. அந்த விமர்சனம் நியாயமானதாக இருக்கும் இடங்களில்தான், பின்னால் மாணவர்கள் சிக்குகிறார்கள்.

டெல்லி வேறு வேலை பார்க்கிறது

இதோடு முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் காவலாளிகள் உண்டு.

அரசமைப்புச் சட்டத்தில் கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பல்கலைக்கழகத்தைச் சட்டம் போட்டு உருவாக்கும் அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பதும் ஒருங்கிணைப்பதும் மத்தியப் பட்டியலின் 66ஆவது பதிவின்படி ஒன்றிய அரசின் வேலை. யுஜிசி அங்கிருந்து அதிகாரம் பெறுகிறது. ஆளுநர், மாநில அரசு, யுஜிசி மூன்றும் அடிக்கடி முட்டிக்கொள்வதன் வேர் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆவது பிரிவு, யார் பட்டம் கொடுக்கலாம் என்று சொல்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவ்வளவுதான். பட்டத்தின் பெயரும் யுஜிசி அறிவித்த பட்டியலில் இருக்க வேண்டும். 2014இல் அந்தப் பட்டியல் விரிவாக வெளியானது. நம் உதாரணத்தில் 'பி.எஸ்சி.' பட்டியலில் இருப்பதால் சிக்கல் இல்லை. 'பேச்சிலர் ஆஃப் டேட்டா' என்று கவர்ச்சியாகப் புதுப் பெயர் வைத்தால்தான் தலைவலி.

சரி, விதியை மீறிப் பட்டம் கொடுத்தால் அந்தச் சட்டத்தில் என்ன தண்டனை? அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். 1956இல் எழுதிய தொகை. ஒரு செமஸ்டர் தேர்வுக் கட்டணமே அதைத் தாண்டிவிடும் காலம் இது.

தொழிற்படிப்புகளுக்கு இன்னும் சில கதவுகள் உண்டு. சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில், மருந்தியலுக்கு பார்மசி கவுன்சில், பி.எட். படிப்புக்கு என்சிடிஇ, மருத்துவத்துக்கு தேசிய மருத்துவ ஆணையம். பொறியியலுக்கு ஏஐசிடிஇ. 2024–25 கல்வியாண்டு முதல் பிசிஏ, பிபிஏ படிப்புகளையும் ஏஐசிடிஇ தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. அதுவரை வெறும் கலை, அறிவியல் படிப்பாகப் பார்க்கப்பட்டவை அவை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கியமான பங்கு இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏஐசிடிஇயின் முன் அனுமதி தேவையில்லை, ஆனால் தரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றது. இந்தச் சலுகையைத் தங்களுக்கும் உரியதென்று நினைத்த சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு என்ன ஆனது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

இரண்டே நாளில் பாஸ், ஒரே வருடத்தில் வாபஸ்: டெல்லி கதை

வழிமுறை என்றாலே 'வெறும் பேப்பர் வேலை' என்று நினைப்பவர்கள், டெல்லி பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை நான்காண்டாக மாற்ற அந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. இடையில் வெளியேறுபவர்களுக்கும் ஒரு தகுதி கிடைக்கும், மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஹானர்ஸ். எல்லா மாணவர்களும் 11 அடிப்படைப் பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். யோசனை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். வந்த வேகத்தைப் பாருங்கள். 2012 டிசம்பர் 24 அன்று அவசரமாகக் கூடிய கல்விக்குழு ஒப்புதல் தந்தது. டிசம்பர் 26 அன்று நிர்வாகக் குழுவும் ஓகே சொன்னது. நடுவில் கிறிஸ்துமஸ் மட்டும்தான். உறுப்பினர்கள் சிலர் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். ஆசிரியர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனாலும் 2013 ஜூலையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. பாடத்திட்டங்கள் சில மாதங்களில் அவசரமாக எழுதப்பட்டன.

2014 மே மாதம் ஒன்றியத்தில் ஆட்சி மாறியது. ஜூன் 20 அன்று யுஜிசி, நான்காண்டுத் திட்டத்தைக் கைவிடச் சொல்லி உத்தரவிட்டது. தேசியக் கல்விக் கொள்கையின் 10+2+3 என்ற அமைப்புக்கு இது பொருந்தவில்லை என்பதும், விதித் திருத்தம் உரிய முறையில் உரிய நேரத்தில் அனுப்பப்படவில்லை என்பதும் வாதங்கள். அந்த மாதமே தொடங்கவேண்டிய மாணவர் சேர்க்கை தள்ளிப்போனது. மதிப்பெண் பட்டியலோடு வந்த பிள்ளைகள் வாசலில் காத்திருந்தார்கள். ஜூன் 27 அன்று துணைவேந்தர் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

ஏற்கெனவே ஓராண்டு படித்துவிட்டவர்கள்? நான்காண்டு என்று நம்பிச் சேர்ந்தவர்கள், இரண்டாம் ஆண்டில் மூன்றாண்டு மாணவர்களாக மாற்றப்பட்டார்கள். புதிய திட்டத்தின்கீழ் பி.டெக். சேர்ந்தவர்களை நான்காண்டு முடிக்க அனுமதித்தார்கள். ஆனால், ஒரே பேட்சோடு நின்றுபோன ஒரு பட்டத்தை நேர்காணலில் விளக்க வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 2020இல் புதிய தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்துக்கு இடம் கொடுத்தது. 2022இல் அதே டெல்லி பல்கலைக்கழகம் மீண்டும் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. யுஜிசியும் இளநிலைப் படிப்புக்கான புதிய சட்டகத்தை வெளியிட்டது. மூன்றாண்டுக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. ஏறக்குறைய அதே யோசனைக்கு எட்டு ஆண்டுகளில் தடை வரவேற்பாக மாறிவிட்டது. மேலே கொள்கை மாறியது ஒரு காரணம். ஆனால், முதல் முறை படிகளைச் சரியாக ஏறியிருந்தால், அதை ஒரே உத்தரவில் இழுத்துப்போடுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

விதியை மதிக்காத பல்கலைக்கழகம், விலை கொடுத்த மாணவர்

டெல்லி மாணவர்களுக்கு ஒரு வருடக் குழப்பம்தான். இதைவிடக் கடுமையாக அடிபட்டவர்கள் உண்டு.

2002இல் சத்தீஸ்கர் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அதன்கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. பல்கலைக்கழகங்கள் மறைந்தன. மாணவர்களை ஏற்கெனவே இருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழி செய்யச் சொன்னது நீதிமன்றம்.

அடுத்தது தொலைதூரக் கல்வியில் பொறியியல். சேலத்தைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், உரிய அனுமதி இல்லாமல் அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் கொடுத்துவந்தன. பாரதிதாசன் தீர்ப்பு நிகர்நிலைகளுக்குப் பொருந்தாது, ஏஐசிடிஇ அனுமதி தேவை என்று 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏஐசிடிஇ நடத்தும் தேர்வை எழுதித் தேறினால்தான் மீண்டும் செல்லும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து, கட்டணம் திருப்பித் தரப்பட வேண்டும் என்பது உத்தரவு.

யோசித்துப் பாருங்கள். டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்து, இரவு கண் விழித்துப் படித்து, அந்தப் பட்டத்தை வைத்து பதவி உயர்வும் வாங்கி, 40 வயதைத் தாண்டிய ஒருவர். "சார், கணக்கு புக்கைத் தொட்டே பத்து வருஷமாச்சு" என்கிற நிலையில் மீண்டும் தேர்வு ஹாலில் உட்கார வேண்டும். தவறு செய்தது நிறுவனம். அனுமதி இல்லை என்பதைக் காலாகாலத்தில் தடுக்காதவை ஒழுங்குமுறை அமைப்புகள். பரீட்சை எழுதவேண்டியவர் மட்டும் மாணவர்.

துணைவேந்தர் இல்லையென்றால் என்ன குறைந்துவிடும்?

குழுக்கள் முடிவெடுக்கின்றன என்றோம். அந்தக் குழுக்களுக்குத் தலைமை வகிப்பவர் துணைவேந்தர். அவரே இல்லையென்றால்?

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகப் பதவி 2024 ஆகஸ்டிலும் காலியாகின. நீண்ட காலம் நிரப்பப்படவில்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலேயே பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி இருக்க வேண்டுமா, நியமிப்பது ஆளுநரா அரசா என்பதில் இழுபறி.

நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டமன்றம் 2022 முதல் நிறைவேற்றிவந்தது. ஆளுநர் நிறுத்திவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம், துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'கருதப்படும் ஒப்புதல்' என்பதற்கும் இடமில்லை என்று கருத்துச் சொன்னது.

யார் பக்கம் நியாயம் என்பதை அரசியல் மேடைகள் பேசட்டும். வளாகத்துக்குள் நடப்பது வேறு. ஒருங்கிணைப்புக் குழுதான் பல்கலைக்கழகத்தை ஓட்டுகிறது. அதில் இருப்பவர்களுக்கு வேறு முழுநேரப் பொறுப்புகள் உண்டு. அன்றாட வேலை நடக்கும். ஆனால், புதுப் படிப்பு, நீண்டகால நியமனம், பெரிய பாடத்திட்ட மாற்றம் போன்ற துணிந்து எடுக்கவேண்டிய முடிவுகள் 'புது வி.சி. வரட்டும்' என்று ஒதுங்கி நிற்கும்.

2023இல் இன்னொரு உரசல். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டத்தைக் கல்லூரிகள் பின்பற்ற வேண்டும் என்றது மாநில அரசு. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவருக்கும், 'இந்தப் படிப்பு அந்தப் படிப்புக்குச் சமமா' என்ற சிக்கலுக்கும் அது தீர்வு என்பது அரசின் தரப்பு. பாடத்திட்டம் எங்கள் போர்டின் உரிமை என்றன தன்னாட்சிக் கல்லூரிகள். அது கட்டாயமில்லை என்று துணைவேந்தர்களுக்கு எழுதினார் ஆளுநர். கடைசியில் தன்னாட்சிக் கல்லூரிகள் விரும்பினால் பின்பற்றலாம் என்று அரசு இறங்கிவந்தது.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் இஷ்டம்போல் நடக்கலாமா?

1978இல் சென்னை கிறித்துவக் கல்லூரி, லயோலா போன்றவை தன்னாட்சி பெற்றன. இந்தியாவில் இந்த முறையைத் தொடங்கிவைத்தது தமிழ்நாடுதான். தன்னாட்சிக் கல்லூரி தானே பாடத்திட்டம் எழுதலாம், தானே தேர்வு நடத்தலாம். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். ஆனால், அங்கேயும் பாடத்திட்டக் குழு, கல்விக்குழு, ஆளுகைக் குழு எல்லாம் கட்டாயம். பல்கலைக்கழகம் நியமிக்கும் ஆளும் உட்காருவார்.

பாடத்திட்டக் குழுவில் யுஜிசி விதிப்படி இரண்டு நாற்காலிகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, தொழில் துறையிலிருந்து வரும் பிரதிநிதிக்கு. இன்னொன்று, அந்தத் துறையில் படித்த முன்னாள் மாணவருக்கு. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது, "போர்டு மீட்டிங்குக்கு வர்றீங்களாப்பா, ஒரு மணி நேரம்தான்" என்று பழைய ஹெச்.ஓ.டி.யிடமிருந்து போன் வரலாம். வந்தால், கையெழுத்துப் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். 'இந்தப் பேப்பரில் சொல்லித்தருகிற மென்பொருளை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை' என்று சொல்ல அந்த அறையில் உங்களைவிடத் தகுதியானவர் இருக்க மாட்டார்.

'இணையான படிப்பு' என்ற கண்ணி

எல்லாப் படியும் ஏறி, யுஜிசியும் ஏற்ற படிப்பு என்றாலும், அரசு வேலைக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி அறிவிப்பில் ஒரு குறிப்பிட்ட பட்டம் கேட்டிருப்பார்கள். உங்களிடம் இருப்பது கிட்டத்தட்ட அதே பாடம், ஆனால் பெயர் வேறு. அப்போது இரண்டும் இணையானவை என்று சொல்லும் அரசாணை வேண்டும். மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பாடத்திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரைக்க, உயர்கல்வித் துறை ஆணை வெளியிடும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு வரி உண்டு. அந்த அரசாணை, வேலைவாய்ப்பு அறிவிப்பு வெளியான தேதியிலோ அதற்கு முன்போ வந்திருக்க வேண்டும். தேர்வு எழுதி, ரேங்க் எடுத்து, அதன்பிறகு அலைந்து ஆணை வாங்கினால் பயன் இல்லை.

அடிப்படைக் கல்வியைத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டங்களுக்கும் இதே கதி. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை தமிழ்நாடு அரசு வேலைக்கு எவ்வளவு முக்கியம் என்பது அதன்பின் பலருக்கும் உறைத்தது.

சேரும் முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள்

தம்பி, தங்கைக்கு அட்மிஷன் பார்க்கிறீர்களா? வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைன் எம்.பி.ஏ. சேரப் போகிறீர்களா? இவற்றைப் பாருங்கள்.

1. பல்கலைக்கழகத்தின் பெயர் யுஜிசி இணையதளத்தில் இருக்கிறதா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

2. சான்றிதழில் அச்சாகப் போகும் பட்டத்தின் பெயர் என்ன? விளம்பரத்தில் இருக்கும் பெயரை விடுங்கள். அச்சாகும் பெயரை எழுத்தில் கேளுங்கள்.

3. தொலைதூரம் அல்லது ஆன்லைன் என்றால், யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அதே கல்வியாண்டுக்கு அனுமதி தந்திருக்கிறதா? போன வருட அனுமதி இந்த வருடத்துக்குச் சாட்சி ஆகாது.

4. தொழிற்படிப்பு என்றால் உரிய கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா? 'அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்' என்பது ஒப்புதல் இல்லை.

5. அரசு வேலை இலக்கு என்றால், இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேரும்போதே தேடுங்கள்.

6. சந்தேகம் தீரவில்லையா? அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடுங்கள். 'இந்தப் படிப்புக்குக் கல்விக்குழுவும் ஆட்சிக்குழுவும் ஒப்புதல் தந்த கூட்டத்தின் தேதி என்ன? தீர்மான நகல் தரவும்' என்று இரண்டே வரி. 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தன்னிடம் என்னென்ன குழுக்கள் உள்ளன, அவற்றின் கூட்டக் குறிப்புகளை மக்கள் பார்க்க முடியுமா என்பதைத் தானாகவே வெளியிடச் சொல்கிறது. எனவே, மனுவுக்கு முன் பல்கலைக்கழக இணையதளத்தை ஒருமுறை அலசிவிடுங்கள். கல்விக்குழுக் கூட்டக் குறிப்புகள் சில இடங்களில் பிடிஎஃப்பாகவே கிடைக்கின்றன.

அரியர் விவகாரத்துக்கே திரும்புவோம். அன்றைக்கு நீதிமன்றத்துக்குப் போனவர்களைத் திட்டாத மாணவர் குறைவு. ஆனால், தேர்வே எழுதாமல் வாங்கிய தேர்ச்சியை நான்கு வருடம் கழித்து ஒரு நிறுவனமோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ, தேர்வாணையமோ கேள்வி கேட்டிருந்தால், பதில் சொல்ல அரசும் வந்திருக்காது, போஸ்டர் ஒட்டியவர்களும் வந்திருக்க மாட்டார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஃபைலோடு உட்கார்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.